வீட்டுக்குப் போகிறவர்களைப் பிடிக்காதவர்

அவருக்கு யாரும் வீட்டுக்குப் போவது பிடிக்காது.

திட்ட மாட்டார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசி மணி அடித்து, கல்லூரிப் பேருந்துகள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பிக்கும் நேரத்தில் எங்கள் கணிதத் துறை வாசலில் டீ டம்ளரோடு வந்து நிற்பார். தோளில் பையோடு யார் வந்தாலும், "கிளம்பிட்டீங்களா?" என்பார். கேட்டுவிட்டு டீயை ஒரு வாய் உறிஞ்சுவார். பதில் சொல்வதற்குள் நமக்கே நாம் எதையோ திருடிக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். பையைக் கொண்டுபோய் நாற்காலியில் வைத்துவிட்டு உட்காருவோம். "ஒரு சின்ன வேலைதாங்க" என்று பின்னாலேயே வருவார். பேருந்து போய்விடும்.

அவர் எங்கள் துறைத்தலைவர். திருவண்ணாமலை ஊரைத் தாண்டி, புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தனியார் கல்லூரி. நான் அங்கே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தபோது என் மகள் பால்வாடி போகிற வயது. விட்டு வெளியே வந்தபோது அவள் தாவணி போடும் வயது. நடுவில் இருந்ததை எல்லாம் என் மாமியார்தான் பார்த்தார். எனக்கு எல்லாம் சொல்லிக் கேள்விதான்.

வாசலில் நிற்கும் அவரிடமிருந்து தப்பிப்பதற்கு நாங்கள் வழிகள் வைத்திருந்தோம். ரேவதி என்று என்னோடு வேலை பார்த்த பெண், மத்தியானமே கைப்பையை இயற்பியல் ஆய்வகத்தில் ஒளித்து வைத்துவிடுவாள். மாலையில் வெறுங்கையோடு, கழிவறைக்குப் போகிறவள்போல நடந்து, ஆய்வகத்துப் பின்கதவு வழியாக ஓடுவாள். எம்ஃபில் தங்கப்பதக்கம் வாங்கிய பெண். இன்னொருவர் ஹெல்மெட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவார், கையில் பார்த்தால் கேட்பார் என்று. இதையெல்லாம் சொல்லி அப்போது சிரிப்போம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. படித்த மனிதர்களை இப்படி ஒளிந்து ஓடவைத்த ஒருவரிடம் எனக்கு இன்றுவரை இருப்பது வெறுப்பு மட்டும்தான்.

லீவு கேட்டால் "இல்லை" என்று சொல்லவே மாட்டார். வேறு ஏதாவது சொல்வார். என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. ஊரே வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த கோடை அது. போய் நின்றேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். முகத்தில் கவலைகூட இருந்தது.

"அம்மை போட்ட ஊட்ல ஜாஸ்தி ஆளு இருக்கக் கூடாதுங்க மேடம். காத்தோட்டம் கம்மியாயிடும். நீங்க இங்க இருக்கறதுதான் கொழந்தைக்கு நல்லது."

கிண்டல் செய்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னார். விடைத்தாள் கட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பாப்பாவ நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

கல்லூரி வேலை என்றால் பாடம் நடத்துவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாடம் நடத்துவதுதான் எங்களுக்குக் கிடைத்த ஓய்வு. மீதி நேரமெல்லாம் கோப்பு, வருகைப் பதிவு, பேருந்துப் பொறுப்பு, விடுதிப் பொறுப்பு, பெற்றோருக்கு ஃபோன், படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பௌர்ணமிக்கு ஊரே நிரம்பி வழியும். பேருந்துகளை எங்கெங்கோ திருப்பி விடுவார்கள். மாணவர்களுக்கு அரைநாள் விடுமுறை. எங்களுக்கு அன்றைக்குத்தான் துறைக் கூட்டம் வைப்பார். "இன்னைக்கு க்ளாஸ் இல்ல, நிம்மதியாப் பேசலாம்" என்பார். கூட்டம் முடிந்து, கிரிவலம் போகிற கூட்டத்துக்குள் எதிர்த்திசையில் புகுந்து வீட்டுக்கு நடப்பேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். அதற்குக் கையெழுத்துப் போடும்போது, "படிக்கறதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கே" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏதோ ஒரு கோப்பு வேண்டுமென்று ஃபோன் செய்வதும் அவரேதான்.

மே மாதம் ஆள் பிடிக்கப் போக வேண்டும். மாணவர் சேர்க்கை என்று அதற்குப் பெயர். கல்லூரிப் பெயர் போட்ட துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரேவதியும் நானும் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊர் ஊராகப் போவோம். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடாகக் கேட்டுக் கேட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு வீட்டு வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சீட்டுக் கம்பெனியா என்று கேட்டார். காலேஜ் டீச்சருங்க என்றோம். அவர் நம்பவில்லை. உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பள்ளிக்கூடத்து டீச்சருங்கல்லாம் லீவுக்கு அவங்கவங்க ஊட்ல கீறாங்க. உங்களுக்கு இன்னாம்மா, லீவு உடலயா?"

ரேவதி அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி சில மாதம்தான். அவள் கணவன் பெங்களூரில். கோடை விடுமுறையில் அங்கே போய் இருக்கலாம் என்று ஒரு கனவு வைத்திருந்தாள்.

எங்களை இப்படி அலையவிட்டு அவர் சொகுசாக இருந்தார் என்றால் வெறுப்பது சுலபம். அப்படி இல்லை. எங்களுக்கு முன்னால் வருவார், எங்களுக்குப் பின்னால் போவார். அவருடைய மகன் கல்யாணம் இங்கேதான் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம். பட்டு வேட்டியோடு கல்லூரிக்குப் போய், தேர்வுக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். நிர்வாகத்தில் இதை வருடக்கணக்காகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் தாளாளர் இதைச் சொல்ல, கைதட்டுவார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன்.

அந்தக் கல்யாணத்தில் அவர் மனைவி எங்கள் பந்திக்கு வந்து விசாரித்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. எல்லாருக்கும் பாயசம் வைக்கச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் குனிந்து, "அவரு அங்க எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசுவாராம்மா?" என்று கேட்டார். பேசுவாரு என்றேன். "அப்படியா" என்றுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார். அந்த அம்மாளுக்காக நான் வருத்தப்பட்டேன். அவருக்காக அல்ல.

பழனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

பழனி எங்கள் துறையில் எல்லாருக்கும் இளையவன். கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்து ஆள். அவன் அப்பா அங்கே கொஞ்சம் நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுவார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். கணினி வேலை எதுவாக இருந்தாலும் பழனிதான். கல்லூரியின் தரத்தைப் பார்த்து மதிப்பீடு போட வெளியிலிருந்து ஒரு கமிட்டி வரப்போகிறது என்றானபோது, துறையின் வேலைகளைத் திரையில் காட்டிப் பேசும் பொறுப்பையும் அவனிடம் கொடுத்தார். இரண்டு மாதம் அவன் வெளிச்சத்தில் வீட்டுக்குப் போனதில்லை. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சொன்னான், "அப்பா கேக்கறாரு மேடம், உங்க காலேஜ்ல படிக்கற பசங்க ஊட்டுக்குப் போறாங்களா, வாத்தியாருங்களுக்கு மட்டும்தான் ஹாஸ்டலானு."

கமிட்டி வந்த அன்று காலையில் எல்லாருடைய ஃபோனையும் வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கமிட்டி முன்னால் யாருடையதும் அடித்துவிடக் கூடாதாம். அதில் எங்களுக்குத் தப்பாக எதுவும் படவில்லை. பழனி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். நன்றாகப் பேசினான். கமிட்டியில் இருந்த ஒரு வயதான பேராசிரியர் குறுக்கே கேள்வி கேட்டபோதுகூடத் தடுமாறவில்லை. நாங்கள் வரிசையாகப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். இடையில் அவர் தன் அறைக்குப் போனதும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது. வந்து நின்றவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பழனியைப் பார்த்து, நல்லாப் போகுது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

கமிட்டி சாப்பிட்டது. நூலகம் பார்த்தது. மரக்கன்று நட்டது. எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். கார்கள் கேட்டைத் தாண்டிய பிறகு அவர் பழனியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து ஃபோன் வந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், பதட்டப்படாமல் போய்ப் பாருங்கள் என்றார். பழனி ஃபோனை வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக.

மறுநாள் ரேவதியும் நானும் அடி அண்ணாமலைக்குப் போனோம். சின்ன வீடு. தெருவில் பந்தல். பழனி ஒரு ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தும் எழவில்லை. அவன் தங்கை கவிதாதான் வந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது. காலையில் கழனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்ததையும், பக்கத்து நிலத்துக்காரர் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியதையும் சொன்னாள். அண்ணனுக்கு உடனே சொல்லியிருக்கலாமே என்று ரேவதி தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"காலையிலயே அண்ணன் ஃபோனுக்குத்தான்க்கா போட்டேன். உங்க சாரு எடுத்தாரு. அப்பாக்கு ரொம்ப முடியல, அண்ணனப் பாக்கணும்னு சொல்றாருனு அழுதேன். சரிம்மா, சொல்லிடறேன்னாரு. அப்பா வாசலயே பாத்துக்கினு இருந்தாரு. வர்றான்பா, வந்துக்கினே இருக்கான்பானு நான் சொல்லிக்கினே இருந்தேன்."

ரேவதி என்னைப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போக ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். கல்லூரி சார்பில் ஆளுயர மாலை. அதை வைத்துவிட்டு, கைகட்டி, கண்ணை மூடி நின்றார். பழனியின் தோளில் கை வைத்தார். பழனி அந்தக் கையைப் பார்த்தான், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் வந்து, காதோரமாக, "காரியம் எப்பனு கேட்டீங்களா மேடம்? செமஸ்டர் வருது, அவரு க்ளாஸுக்கு மாத்து ஏற்பாடு பண்ணணும்" என்றார்.

அடுத்த வாரம் கமிட்டியின் முடிவு வந்தது. நல்ல தரம். கல்லூரியில் பிரியாணி போட்டார்கள். பட்டாசு வெடித்தார்கள். அவர் தன் கையாலேயே ஒவ்வொரு மேசைக்கும் லட்டு கொண்டுவந்து வைத்தார். ரேவதியும் நானும் அதைத் தொடவில்லை. மறுநாள் காலை வரை அந்த லட்டுகள் எங்கள் மேசைமேல் எறும்பு மொய்த்துக் கிடந்தன. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

காரியம் முடிந்து பழனி மொட்டைத் தலையோடு வந்தான். நேராக அவர் அறைக்குப் போனான். எங்கள் இடத்துக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான்.

"காலையிலயே தெரியுமா சார்?"

"தெரியுங்க."

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க பேசியிருப்பீங்களா? நானும் யோசிச்சேன் பழனி. டாக்டருங்க பாத்துக்கிட்டுதான இருந்தாங்க. நீங்க போயி என்ன பண்ணியிருக்கப் போறீங்க?"

பழனி கத்துவான் என்று நினைத்தேன். அடித்தால்கூட நல்லது என்று நினைத்தேன். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் வெளியே வந்து வராந்தாக் குழாயில் வெகுநேரம் முகம் கழுவினான். அந்தப் பருவம் முடியும்வரை பிள்ளைகளுக்காகப் பாடம் நடத்தினான், தினமும் கடைசி மணி அடித்ததும் யாரையும் பார்க்காமல் நடந்து போனான். பிறகு வேலையை விட்டான். அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க அவனைப் பல மாதம் நடக்கவைத்தார்கள். அதற்கான கையெழுத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டதும் அவர்தான். கோபத்தில் அல்ல என்று நினைக்கிறேன். விட்டுப் போகிறவனை அவரால் தாங்க முடியவில்லை.

நான் உடனே விடவில்லை. என் கணவரின் கடை அப்போது சரியாக ஓடவில்லை, வேறு கல்லூரியில் இடம் கிடைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் துணை முதல்வர் ஆனார். ரேவதி பெங்களூருக்குப் போய்விட்டாள், இப்போது ஒரு கம்பெனியில் இருக்கிறாள். பழனி தேர்வு எழுதி அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாரானான். அம்மாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறான்.

அவரை நான் மறுபடி பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஓய்வு பெற்று, செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு இருக்கிறார், வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு தியானத்துக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். போகட்டும் என்றிருந்தேன். போன வருடம் என் இப்போதைய கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை. பேச வருகிறவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. மேடையில் பார்த்தால் அவர்.

இளைத்திருந்தார். குரல் அதே மென்மை. குடும்பத்துக்கு நேரம் கொடுங்கள் என்றார். மாலையில் ஃபோனை அணைத்துவிடுங்கள் என்றார். என் பக்கத்தில் இருந்த இளம்பெண்கள் குறிப்பு எடுத்தார்கள். பிறகு ஒரு கதை சொன்னார்.

"எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு தம்பி இருந்தாரு. ரொம்ப சின்சியர். கமிட்டி வந்த அன்னைக்கு, அப்பாவுக்கு முடியலனு ஃபோன் வருது. நான் போங்க, போங்கனு சொல்றேன். அவரு கேக்கல. முடிச்சிட்டுதான் போவேன்னு நின்னாரு. அப்பா போயிட்டாரு. அந்த மாதிரி யாரும் வேலை செய்யாதீங்கனு சொல்லத்தான் நான் வந்திருக்கேன்."

பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். எழுந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அந்த ஃபோன எடுத்தது நீங்கதான் சார். நீங்க அவர்கிட்ட சொல்லல. கமிட்டி போனப்புறம்தான் சொன்னீங்க. நான் அப்ப அங்க வேலை செஞ்சேன்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. புன்னகைத்தார்.

"மேடம் கொஞ்சம் ஸ்ட்ரெஸ்ல இருக்காங்க. இத்தன நேரமா நான் சொன்னது இதத்தான்."

அரங்கம் சிரித்தது. எங்கள் முதல்வரும் சிரித்தார். நான் உட்காரவில்லை.

"அவர் பேரு பழனி. அடி அண்ணாமலையிலதான் இருக்காரு. அவரோட அப்பா வாசலப் பாத்துக்கிட்டே செத்துப்போனாரு. யாருக்காவது சந்தேகம்னா போய்க் கேட்டுட்டு வரலாம்."

சிரிப்பு நடுவிலேயே அறுந்துபோனது. ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, சாப்பாட்டு இடைவேளை என்று அறிவித்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர்தான் தட்டோடு வந்தார். எதிரில் உட்கார்ந்தார். சண்டை போடுவார், அல்லது வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்பார், அல்லது ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார். இந்த மூன்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, கூட இருந்து உழைத்த ஒருவரிடம் பேசுகிற உரிமையோடு கேட்டார்.

"ஆனா அந்த வருஷம் நமக்கு எவ்வளவு நல்ல கிரேடு கெடச்சுச்சு, ஞாபகம் இருக்குல்ல மேடம்?"

அவர் முகத்தில் பெருமை இருந்தது. தேடிப் பார்த்தேன், வேறு எதுவும் இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் அப்பளத்தைச் சாம்பார் சாதத்தில் நொறுக்கிப் போட்டு, பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தார்.